வடசென்னையில் பள்ளித் திறப்புச் செலவைக் குறைப்பது எப்படி: புதிதாகக் குடிவந்தவர்களுக்கான வழிகாட்டி

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து நாங்கள் தண்டையார்பேட்டைக்குக் குடிவந்தது மே மாதத்தின் கடைசி வாரத்தில். மகளுக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலும், மகனுக்கு ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பிலும் இடம் கிடைத்திருந்தது. எந்தத் தெருவில் எது கிடைக்கும் என்று தெரியாமல், பள்ளி வாசலுக்கு அருகிலிருந்த கடைகளிலேயே எல்லாவற்றையும் எட்டு நாட்களில் வாங்கி முடித்தோம். கட்டணம் நீங்கலாக 14,600 ரூபாய் செலவாயிற்று. அதற்காக என் காதுத் தோடு அடகுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு பாதி கற்றுக்கொண்டேன். மூன்றாம் ஆண்டில் அதே இரண்டு பிள்ளைகளுக்கும் 8,200 ரூபாயில் முடிந்தது, பொருளின் தரமும் குறையவில்லை. மலிவான கடையைக் கண்டுபிடித்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது என்ற வரிசை தவறியதுதான் முதலாண்டு எங்கள் பணத்தைத் தின்றது. ஆகவே கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. முதலில் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கின்றன. 2025இல் ஜூன் 2 அன்று திறந்தன. 2024இல் திறப்பு ஜூன் 10க்குத் தள்ளிப்போயிற்று. 2023இல் வெயிலின் கடுமையால் ஜூன் 12, 14 என்று வகுப்புவாரியாகத் திறந்தன. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பெரும்பாலும் மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ வகுப்புகள் தொடங்கிவிடும் என்பதால், அவர்கள் இங்கே சொல்லும் ஒவ்வொரு வேலையையும் இரண்டு மாதம் முன்னதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் இப்போது கடைப்பிடிக்கும் கால ஒழுங்கு இது: ஏப்ரல் இறுதியில் வீட்டில் இருப்பதைக் கணக்கெடுப்பது, மே முதல் வாரத்தில் சீருடைத் துணியைத் தையலுக்குக் கொடுப்பது, மே இரண்டாம் மூன்றாம் வாரங்களில் நோட்டுகள், பள்ளி திறப்பதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்களில் காலணி. மே 20க்குப் பிறகு, நோட்டு மொத்தக் கடைகள் உள்ள பாரிமுனையிலும் சீருடைத் துணிக்கடைகள் உள்ள எம்.சி. ரோட்டிலும் நின்று விலை கேட்கக்கூட இடமிருக்காது. விலை கேட்க முடியாத இடத்தில் விலை குறைக்கவும் முடியாது. பள்ளித் திறப்பு தள்ளிப்போவதாக அறிவிப்பு வந்தால் அந்த வாரம் உங்களுக்குக் கிடைத்த ஆதாயம். அவசரமாக வாங்க நினைத்ததை நிறுத்தி வையுங்கள்.

2. பள்ளி எதைத் தருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

நான் அதிகம் இழந்தது இந்த இடத்தில்தான். அரசுப் பள்ளிகளிலும், மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடநூல்களும், பத்தாம் வகுப்பு வரை நோட்டுகளும் விலையின்றித் தரப்படுகின்றன. இவை தவிர வகுப்புக்கு ஏற்பப் புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில் அல்லது கிரையான், ஜியாமெட்ரி பாக்ஸ், நிலவரைபட நூல் ஆகியவையும் வரும். சத்துணவில் சேர்ந்திருக்கும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணை சீருடைகள் உண்டு. இதை அறியாமல் மகளுக்கு நான் முழுப் பட்டியலையும் கடையில் வாங்கிவிட்டேன். பள்ளி திறந்த பிறகு நோட்டுகளும் பையும் ஜியாமெட்ரி பாக்ஸும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது வீட்டில் எல்லாமே இரண்டிரண்டாக இருந்தன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும், அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் நடக்கலாம். சுயநிதிப் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கு இந்த விலையில்லாப் பொருட்கள் வருவதில்லை. சேர்க்கையின்போதே "இது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கட்டண ரசீதைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

சேர்க்கைக்கும் விலையில்லாப் பொருட்களுக்கும் தேவைப்படக்கூடிய ஆவணங்களை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, பிள்ளையின் வங்கிக் கணக்குப் புத்தகம், நான்கைந்து புகைப்படங்கள். பழைய பள்ளியில் பிள்ளைக்குத் தரப்பட்ட எமிஸ் எண்ணையும், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவில் உள்ள மாணவர் அடையாள எண்ணையும், குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த எண் இல்லாவிட்டால் புதிய பள்ளியின் பதிவேட்டில் பெயர் ஏறத் தாமதமாகிறது, பெயர் ஏறாத பிள்ளை பொருள் வழங்கும் நாளில் காத்திருக்க நேரிடுகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணமாகச் சொல்லி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றும் 60 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம்; மே மாதக் கூட்டத்துக்கு முன்பே, மார்ச்சிலோ ஏப்ரலிலோ வாங்கி வைப்பது நல்லது.

தனியார் பள்ளி என்றால் வகுப்புவாரியான பொருள் பட்டியலைக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டியலில் எவை பள்ளியிலேயே வாங்க வேண்டியவை, எவை வெளியில் வாங்கக்கூடியவை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள். மகனின் பள்ளியில், பெயர் அச்சிட்ட நாட்குறிப்பேடும் கழுத்துப்பட்டையும் பேட்ஜும் மட்டுமே அங்கே வாங்க வேண்டியவை என்று இரண்டாம் ஆண்டில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. முதலாண்டு அலுவலக முகப்பில் இருந்தவர் மொத்தப் பொட்டலமாகக் கொடுத்தார், நானும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

3. வீட்டில் இருப்பதை எண்ணுங்கள்

ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் பிள்ளையின் பையைத் தரையில் கவிழ்த்து, பாதிக்கும் மேல் எழுதாத நோட்டுகளைத் தனியே எடுங்கள். மகளின் நோட்டுகளை அப்படி எடுத்தபோது, பொது அறிவுக்கும் நன்னெறிக்கும் வாங்கிய 192 பக்க நோட்டுகளில் முப்பது பக்கம்கூட எழுதப்படவில்லை என்று தெரிந்தது. எந்தப் பாடத்துக்கு எத்தனை பக்கம் உண்மையில் செலவாயிற்று என்பதை ஒரு தாளில் எழுதிவைத்தால், அடுத்த வகுப்புக்கான கணக்கு அதிலிருந்தே கிடைத்துவிடும். எழுதாத தாள்களைக் கிழித்து ஒன்றுசேர்த்து, தடித்த ஊசியால் தைத்து, கணக்குப் போட்டுப் பார்க்கும் நோட்டாக்கினோம். ஓராண்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.

4. பாடநூல்கள்

மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அச்சிடும் நூல்களும், தனியார் பதிப்பகங்களின் கூடுதல் நூல்களும் சேர்ந்தே பட்டியலில் இருக்கும். கழக நூல்களின் பின்னட்டையில் விலை அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வி வளாகத்தில் கழகத்தின் விற்பனைப் பிரிவு இருக்கிறது, அதன் இணையதளம் வழியாகவும் வாங்கலாம். கீழ் வகுப்புகளுக்குப் பாடநூல்கள் மூன்று பருவங்களாகப் பிரிந்து வரும் என்பதால், மூன்று பருவத்தையும் ஜூனிலேயே வாங்க வேண்டிய கட்டாயம் இருக்கிறதா என்று பள்ளியில் கேளுங்கள். பருவத்துக்குப் பருவம் வாங்க முடிந்தால் செலவு மூன்றாகப் பிரியும்.

பழைய புத்தகம் வாங்குவதில் தயக்கம் வேண்டாம். சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். அதைவிட நல்ல வழி, அதே பள்ளியில் ஒரு வகுப்பு மேலே படிக்கும் பிள்ளையின் பெற்றோரைத் தேர்வு முடியும் நாளில் வாசலில் சந்தித்துப் பேசிவிடுவது. பக்கம் கிழியாத நூல்களுக்குப் பாதி விலை என்று நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஆனால் வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது, பதிப்பு ஆண்டு. இரண்டாவது, பயிற்சி நூலாக இருந்தால் விடைகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பது. எழுதப்பட்ட பயிற்சி நூல் எந்த விலைக்கும் பயனற்றது. மூன்றாவது, பாடத்திட்டமே மாறியிருக்கிறதா என்பது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் பெற்றோர் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்: என்.சி.இ.ஆர்.டி. 2023இல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கும், 2024இல் மூன்று, ஆறாம் வகுப்புகளுக்கும், 2025இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் புதிய நூல்களைக் கொண்டுவந்தது. நூலின் தலைப்பே மாறிவிட்ட பாடங்களும் உண்டு. மாற்றத்துக்கு முந்தைய நூலை யாராவது இலவசமாகத் தந்தாலும் அது வகுப்புக்கு உதவாது.

புத்தகம் கைக்கு வரும்வரை பாடம் விட்டுப்போகுமே என்ற அச்சத்தில் அவசரப்பட வேண்டாம். மாநில நூல்களும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் அந்தந்த நிறுவனங்களின் இணையதளங்களிலேயே கட்டணமின்றிப் பதிவிறக்கக் கிடைக்கின்றன; முதல் இரண்டு வாரங்களைக் கைப்பேசியில் சமாளிக்க முடியும்.

5. நோட்டும் எழுதுபொருளும்: ஆண்டர்சன் தெரு, பந்தர் தெரு

பாரிமுனையில் உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம் பிரியும் தெருக்களில் ஆண்டர்சன் தெருவும் பந்தர் தெருவும் தாள், நோட்டு, எழுதுபொருள் மொத்த வியாபாரத்துக்குப் பெயர்பெற்றவை. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் மெட்ரோவில் மண்ணடியிலோ உயர்நீதிமன்ற நிலையத்திலோ இறங்கி நடந்துவிடலாம். எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து புறநகர் ரயிலில் கடற்கரை நிலையத்துக்கு வருவது இன்னும் மலிவு. மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், விலை விசாரிக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை என்று இரண்டு தடவை நான் தனியாகப் போவேன். விசாரிக்கும் நாளில் பை எடுத்துப் போவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வார நாளில் காலை பதினொன்றரைக்குள் போனால் கடைக்காரர் நின்று பேசுவார். மாலையில் வெளியூர்ச் சரக்கைக் கட்டி ஏற்றும் நேரத்தில் சில்லறையாகக் கேட்பவரைக் கவனிக்க அவருக்கு நேரம் இருக்காது.

இந்தக் கடைகளில் பல, ஒரு டஜனுக்கும் குறைவான எண்ணிக்கையில் விற்பதில்லை. ஒரு பிள்ளைக்கு நான்கு கோடு நோட்டு நான்கு, கட்டம் போட்ட நோட்டு இரண்டு, கோடு போடாத நோட்டு இரண்டு என்று தேவைப்படும்போது டஜன் கணக்கு ஒத்துவராது. அதனால் எங்கள் தெருவில் மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே பட்டியல் போட்டோம். பட்டியலை வகுப்பு வாரியாகப் போடாமல், நோட்டின் வகை வாரியாகவும் பக்க எண்ணிக்கை வாரியாகவும் போட வேண்டும். அப்போதுதான் எந்த வகை டஜனாக நிரம்புகிறது என்று தெரியும். பணத்தை ஒருவரே முன்கூட்டி வாங்கிக்கொண்டு, பில்லின் படம் மூவரின் கைப்பேசியிலும் இருக்கும்படி செய்துகொண்டால் மனத்தாங்கல் வராது.

விலையை ஒப்பிடும்போது நோட்டின் விலையைப் பார்க்காமல் பக்கத்தின் விலையைப் பாருங்கள். 96 பக்க நோட்டு 30 ரூபாய், 192 பக்க நோட்டு 48 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் ஒரு பக்கம் 31 காசு, இரண்டாவதில் 25 காசு. கணக்கு, தமிழ், அறிவியல் போன்று நிறைய எழுதும் பாடங்களுக்குப் பெரிய நோட்டும், மூன்றாம் படியில் நீங்கள் எண்ணிப் பார்த்தபோது மிச்சமாக நின்ற பாடங்களுக்குச் சிறிய நோட்டும் வாங்கினால் போதும். சில நிறுவனங்கள் அட்டையையும் சேர்த்தே பக்கம் எண்ணுகின்றன; அது நோட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும்.

அளவில்தான் நான் ஏமாந்தேன். பள்ளிப் பட்டியலில் 'லாங் சைஸ்' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. சிறிய அளவில் ஒன்றரை டஜன் வாங்கி வந்து, ஆசிரியை திருப்பி அனுப்பியபோது கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். கடைக்குக் கடை, நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தப் பெயர்கள் மாறுகின்றன. ஆகவே கடந்த ஆண்டின் நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துச் சென்று அதன்மேல் வைத்து அளந்து வாங்குங்கள். மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள் என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, பில்லின் மூலையில் எழுதி வாங்குங்கள்.

தாளின் தடிமனும் முக்கியம். மெல்லிய தாளில் மை ஊறி மறுபக்கம் தெரிந்தால், பிள்ளை ஒரு பக்கத்தில் மட்டும் எழுதும். மலிவாக வாங்கிய நோட்டு இரண்டு மடங்கு சீக்கிரம் தீரும். பிள்ளை எழுதும் பேனாவையே கொண்டுபோய் மாதிரி நோட்டின் கடைசித் தாளில் எழுதிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கும் கடைக்காரரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், அழிப்பான், துருவி, கிரையான் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது; முன்பு நோட்டுக்கும் பென்சிலுக்கும் 12 விழுக்காடு இருந்தது. இப்போதும் யாராவது நோட்டு பில்லில் தனியாக வரி சேர்த்தால் கேளுங்கள். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது குற்றம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பள்ளிக்கு அருகிலுள்ள கடைகளில் ஜூன் முதல் வாரத்தில்தான் இந்த எண் அதிகம் தேவைப்படுகிறது.

நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளை உருளையாக வாங்குங்கள். வெட்டி அடுக்கிய தாளைவிட மலிவு, வீணாவதும் குறைவு. பெயர் ஒட்டும் சீட்டுகளில் படம் போட்டவை தனி விலை, படமில்லாதவை தனி விலை. பிள்ளைகள் படத்துக்கு ஆசைப்படுவார்கள். என் மகனுக்கு ஒரே ஒரு படச் சீட்டுத் தாள் வாங்கிக்கொடுத்து, அவனுக்குப் பிடித்த பாட நோட்டுகளில் மட்டும் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். அவனும் ஏற்றுக்கொண்டான்.

எடையையும் எண்ணிப் பாருங்கள். லாங் சைஸ் 192 பக்க நோட்டு ஒன்று ஏறத்தாழ கால் கிலோ வரும். ஐந்து டஜன் என்றால் பதினான்கு, பதினைந்து கிலோ. இரண்டு பெண்கள் ரயிலில் சுமந்து வந்துவிடலாம். மூன்று வீட்டுச் சரக்கு மொத்தமும் என்றால் ஆட்டோ வாடகையை மூன்றாகப் பிரித்துப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த வாடகையையும் கூட்டிப் பார்த்த பிறகும் லாபம் நிற்கிறதா என்பதுதான் கணக்கு. ஒரே பிள்ளை, பத்து நோட்டு மட்டும் தேவை என்றால், பாரிமுனைக்குப் போக வேண்டாம். உங்கள் தெருக் கடையிலேயே பேசி வாங்குங்கள்.

6. சீருடை: முதலில் தையல்காரர், பிறகு எம்.சி. ரோடு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சீருடைத் துணியும் ஆயத்தச் சீருடையும் கிடைக்கும். வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகலாம். ஆனால் துணிக்கடைக்குப் போவதற்கு முன் தையல்காரரிடம் போங்கள். பிள்ளையை நேரில் அழைத்துப் போய் அளவு கொடுத்து, 36 அங்குல அகலத் துணி என்றால் எத்தனை மீட்டர், 58 அங்குல அகலம் என்றால் எத்தனை மீட்டர் என்று இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். அகலம் கூடிய துணியின் மீட்டர் விலை அதிகமாகத் தோன்றும். ஆனால் குறைந்த மீட்டரே தேவைப்படுவதால் மொத்தத்தில் குறையலாம். மீட்டர் தெரியாமல் போனால் கடைக்காரர் சொல்லும் அளவை வாங்க நேரிடும். முதலாண்டு எனக்கு ஒரு மீட்டருக்கும் மேல் துணி வீணாக மிஞ்சிப்போயிற்று.

எங்கள் தையல்கார அண்ணன் ஒவ்வோர் ஆண்டும் சொல்வது: "மே பத்துக்குள்ள குடுத்துடுங்கக்கா, அதுக்கு மேல வந்தீங்கன்னா என்னால தேதி சொல்ல முடியாது." இது வெறும் பேச்சல்ல. மே இறுதியில் கொடுத்தால் அவசரக் கூலி கேட்பார்கள், இல்லையென்றால் பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்துத்தான் கிடைக்கும். அந்த ஒரு வாரத்துக்காக ஆயத்தச் சீருடை ஒன்று வாங்க நேரும்.

நிறத்தைப் பொருத்த, பழைய சீருடையில் வெளுக்காத பகுதியை, அதாவது மடிப்பின் உட்புறத்தைக் காட்டுங்கள். துணியைக் கடையின் குழல்விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல் வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். கட்டம் போட்ட துணி என்றால் கட்டத்தின் அளவையும் ஒப்பிடுங்கள்; ஒரே நிறத்தில் சிறிய கட்டம், பெரிய கட்டம் என்று இரண்டும் அடுத்தடுத்த அடுக்குகளில் இருக்கும். புதிய பள்ளி என்றால் ஒரு பெற்றோரிடம் சீருடையை அரை மணி நேரம் இரவல் கேட்டு எடுத்துப் போவதில் வெட்கம் இல்லை. பருத்தி கலந்த துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே தையலுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கிவிடும்.

தைக்கும்போது வளர்ச்சிக்கு இடம் விடச் சொல்லுங்கள்: கால்சட்டையின் கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம், இடுப்பின் பின்தையலில் ஒன்றரை அங்குலம், சட்டையின் பக்கவாட்டுத் தையலில் அரை அங்குலம். தோளைப் பிறகு பெரிதாக்க முடியாது; ஆகவே தோளை மட்டும் சற்றுத் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். ஆயத்த ஆடையில் உள்மடிப்பு பெரும்பாலும் விடப்பட்டிருக்காது, அதனால்தான் வளரும் பிள்ளைக்குத் தைத்த சீருடை இரண்டாம் ஆண்டுக்கும் வருகிறது. மிக வேகமாக வளரும் பருவத்தில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், இந்தக் கணக்கும் தவறிப்போகும். அப்போது குறைந்த எண்ணிக்கையில் வாங்குவதே வழி.

எத்தனை இணை? மேயில் இரண்டு மட்டும் தைத்துவிட்டு மூன்றாவதைச் செப்டம்பருக்குத் தள்ளிவைக்கிறேன். கோடையில் துணி ஒரே பகலில் உலர்ந்துவிடும் என்பதால் இரண்டு போதும்; அக்டோபரில் மழை தொடங்கிய பிறகுதான் மூன்றாவது தேவைப்படுகிறது. ஆனால் தீபாவளி நெருங்கினால் தையல்காரர்கள் மறுபடியும் நிறைந்துவிடுவார்கள். செப்டம்பர் தாண்டக் கூடாது.

7. பை, காலணி, சாப்பாட்டு டப்பா

பையை ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் கெடுவது ஜிப்பும் தோள்வாரின் தையலும்தான். பை தைக்கும் கடைகளில் கொடுத்தால் புதிய பையின் விலையில் சிறு பகுதிக்கே சரியாகிவிடும். புதிதாக வாங்குவதானால் சௌகார்பேட்டையில் உள்ள காசிச்செட்டித் தெருவில் வகைகள் அதிகம். தோள்வார் பையோடு சேரும் இடத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இல்லாவிட்டால் அந்த அட்டைக்கு மதிப்பில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பைச் சுமை ஒன்றரைக் கிலோவையும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மூன்று கிலோவையும் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் அறிவுறுத்தியது. அந்தச் சுமைக்கு ஏழு அறைகள் கொண்ட பெரிய பை தேவையில்லை.

காலணியைக் கடைசியாக வாங்கச் சொன்னதற்குக் காரணம், விடுமுறையிலும் கால் வளர்கிறது. ஏப்ரலில் தள்ளுபடி விலையில் வாங்கிய காலணி ஜூனில் மகனின் காலில் நுழையவில்லை. மாலை நேரத்தில், பள்ளிக் காலுறையை மாட்டிக்கொண்டு அளவு பாருங்கள். நுனியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான இடம் இருந்தால் போதும். இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் உராய்ந்து புண்ணாகும், காலணியும் மடிந்து சீக்கிரம் கிழியும். வாங்கிய வாரத்திலேயே தெருமுனையில் காலணி தைப்பவரிடம் கொடுத்து அடிப்பாகத்தைச் சுற்றித் தைத்துவிடுங்கள். ஒட்டு மட்டும் போட்ட காலணி முதல் மழையில் வாய் பிளக்கிறது.

சாப்பாட்டு டப்பாவுக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் எவர்சில்வரே நீடிக்கும். மூடியின் ரப்பர் வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கும். வளையம் போனதற்காக டப்பாவையே மாற்ற வேண்டாம்.

8. பணத்துக்கு வழி

மேயில் அவசரமாகக் கடன் வாங்கினால், இதுவரை மிச்சப்படுத்தியது முழுவதும் வட்டியில் போய்விடும். நாள்வட்டிக்கும் வார வட்டிக்கும் தருபவர்கள் மே மாதத்தில் வீடு தேடி வருவார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள். நகை வைத்தே ஆக வேண்டுமானால் அடகுக்கடைக்கு முன் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வட்டி கேளுங்கள். நான் இப்போது ஒவ்வொரு மே மாதமும் வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்புத் தொடங்குகிறேன். மாதம் 700 ரூபாய். அடுத்த மே மாதம் முதிர்வதால், தையலுக்கும் நோட்டுக்கும் சரியான நேரத்தில் பணம் கைக்கு வருகிறது. ஜூனில் தொடங்கினால் ஜூனில்தான் முதிரும், அதனால் பயனில்லை.

வீட்டில் யாராவது கட்டுமானம், ஆட்டோ, வீட்டுவேலை போன்ற அமைப்புசாராத் தொழிலில் இருந்து நலவாரிய அட்டை வைத்திருந்தால், பிள்ளைகளின் கல்விக்கு உதவித்தொகை உண்டு. அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்கு அட்டை காலாவதியானதால் ஓராண்டு உதவித்தொகை கிடைக்காமல் போயிற்று.

பேருந்துப் பயண அட்டையையும் மறக்காதீர்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது விலையில்லாமல் பள்ளி வழியாகவே வரும். புதிய அட்டை வரும் வரை சீருடையோடும் பழைய அட்டையோடும் பயணம் செய்ய அனுமதிப்பது வழக்கம். ஆகவே ஜூனில் பிள்ளைக்குத் தினமும் ஆட்டோவுக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டியதில்லை.

9. மழைக்கு முன் ஒருமுறை

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் இதைப் பள்ளிச் செலவின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் பல வீடுகளில் புத்தகங்கள் நீரில் ஊறி மாவாகிவிட்டன. பாதி ஆண்டில் மறுபடி வாங்குவதைவிடப் பெரிய செலவு வேறில்லை. செப்டம்பர் இறுதியில் தடித்த பிளாஸ்டிக் உறைகள் வாங்கி, சான்றிதழ்க் கோப்பையும் முடிந்த பருவத்தின் நூல்களையும் பரணில் ஏற்றிவிடுகிறோம். நடப்புப் பாட நூல்கள் மட்டும் பையில் இருக்கும். பை இரவில் தரையில் வைக்கப்படாமல், சுவரில் அடித்த உயரமான ஆணியில் தொங்கும். மழைச் சட்டையை அக்டோபர் முதல் மழையன்று வாங்கினால் கேட்ட விலைதான். ஆகஸ்டில் அதே தெருவில் பேரம் பேசி வாங்கலாம். முதுகில் பையை மாட்டிய பிறகும் மூடும் அளவில் இருக்கிறதா என்று கடையிலேயே பையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள்.